எப்சன் எல்3250: இரண்டு ரவுட்டர் ஓடும் வீட்டுக்குச் சரிப்படுமா?

எப்சன் எல்3250 பற்றி வரும் விமர்சனங்களில் பெரும்பாலானவை மை எத்தனை பக்கம் தாங்கும், போட்டோ எப்படி விழுகிறது என்பதோடு முடிந்துவிடும். மாடியும் கீழுமாக உள்ள வீட்டில் கேள்வியே வேறு. கீழே ஃபைபர்காரர் வைத்துப்போன ரவுட்டர் ஒன்று. மாடிக்குச் சிக்னல் ஏறவில்லை என்று கடையில் வாங்கி மாட்டிய ரவுட்டர் இன்னொன்று. மாடி லேப்டாப்பிலிருந்து கொடுத்தால் கீழே இருக்கும் பிரிண்டரில் தாள் வருமா? இங்கே எடுத்துக்கொண்டிருப்பது அதை மட்டும்தான்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். இரண்டு ரவுட்டரும் சேர்ந்து ஒரே நெட்வொர்க்காக இருந்தால் வரும், ஒழுங்காக வரும். இரண்டும் தனித்தனி நெட்வொர்க்காக இருந்தால் பாதி வீட்டுக்கு வரும், பாதி வீட்டுக்கு வராது. அந்தப் பாதியைச் சரிசெய்யப் பெரும்பாலும் பைசா செலவில்லை, பிரிண்டரை மாற்றவும் தேவையில்லை. இந்த மாடலில் உண்மையாகவே குறை என்று சொல்ல வேண்டியது லேன் போர்ட் (நெட்வொர்க் கேபிள் சொருகும் இடம்) இல்லாதது. அதைப் பிறகு பார்ப்போம்.

பிரிண்டரைப் பற்றிச் சுருக்கமாக: பிரிண்ட், ஸ்கேன், காப்பி மூன்றும் உண்டு. மை 003 வரிசைப் பாட்டில். கறுப்புப் பாட்டில் ஒன்று சுமார் 4,500 பக்கம், மூன்று வண்ணமும் சேர்ந்து சுமார் 7,500 பக்கம் என்பது நிறுவனக் கணக்கு. வேகம் கறுப்பில் நிமிடத்துக்கு 10 பக்கம், வண்ணத்தில் 5. பின்பக்கத் தட்டில் 100 தாள் வைக்கலாம். இருபுறமும் தானாக அடிக்காது, நீங்கள்தான் தாளைத் திருப்பி வைக்க வேண்டும். திரை கிடையாது, ஆறேழு பட்டனும் விளக்குகளும்தான். பிள்ளைகளின் ஒர்க்ஷீட், ஆதார் நகல், ரயில் டிக்கெட் என்று போகும் வீட்டுக்கு இது தாராளம். இணைப்புக்கு யுஎஸ்பி 2.0, வைஃபை, வைஃபை டைரக்ட். வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும். 5 கிகாஹெர்ட்ஸ் இதன் கண்ணுக்கே தெரியாது. நிமிடத்துக்குப் பத்துப் பக்கம் அடிக்கும் இயந்திரத்துக்கு 2.4 போதும் என்பதால் வேகத்தில் நட்டமில்லை. தொல்லை வருவது முதல்முறை இணைக்கும்போதுதான்.

எங்கே மாட்டிக்கொள்கிறது

ஃபைபர் ரவுட்டர் தன் கீழ் வரும் ஒவ்வொரு சாதனத்துக்கும் ஓர் ஐபி முகவரி கொடுக்கும். ஏர்டெல், பிஎஸ்என்எல் பெட்டிகளில் அது வழக்கமாக 192.168.1 என்று தொடங்கும். ஜியோ ஃபைபரில் 192.168.29. கடையில் வாங்கும் டிபி-லிங்க், டி-லிங்க், டெண்டா ரவுட்டர்கள் 192.168.0 என்று கொடுக்கும். மாடி ரவுட்டரைப் பெட்டியிலிருந்து எடுத்து, கீழிருந்து வரும் கேபிளை அதன் ‘வான்’ போர்ட்டில் (இன்டர்நெட் உள்ளே வரும் துளை) சொருகி, பெயரும் பாஸ்வேர்டும் வைத்தால் இன்டர்நெட் வந்துவிடும். அதோடு வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிறோம். ஆனால் அந்த நொடியில் வீட்டில் இரண்டு நெட்வொர்க் உருவாகிவிட்டது. மாடிச் சாதனங்கள் 192.168.0, கீழ்ச் சாதனங்கள் 192.168.1. இதற்கு டபுள் நாட் என்று பெயர்.

இப்போது பிரிண்டரைத் தேடும் செயலி என்ன செய்கிறது? ‘இங்கே பிரிண்டர் யாராவது இருக்கிறீர்களா’ என்று நெட்வொர்க் முழுக்க ஒரு கூப்பாடு போடுகிறது. மொபைல்களும் மேக் கணினிகளும் போடும் கூப்பாடு எம்டிஎன்எஸ், 224.0.0.251 என்ற முகவரிக்கு, 5353 போர்ட்டில் (இங்கே போர்ட் என்பது கேபிள் துளையல்ல, தகவல் போகும் வாசலின் எண்). விண்டோஸ் இதோடு டபிள்யூஎஸ்டி என்ற இன்னொன்றையும் போடும், அது 239.255.255.250, போர்ட் 3702. எப்சனின் சொந்தச் செயலிகள் 3289 போர்ட்டைப் பயன்படுத்தும். இவையெல்லாம் அந்தந்த நெட்வொர்க்குக்குள்ளேயே ஒலித்து அடங்குபவை. ரவுட்டர் இவற்றை அடுத்த பக்கம் கடத்தாது. கடத்தக் கூடாது என்பதுதான் விதி. அதனால் மாடியில் எப்சன் ஸ்மார்ட் பேனல் செயலியைத் திறந்தால் பிரிண்டரைக் காணோம் என்கிறது. அதே மொபைலைக் கீழே எடுத்துப்போய்க் கீழ் வைஃபையில் சேர்த்தால் உடனே வந்து நிற்கிறது. கடைக்காரர் பிரிண்டரை மாற்றித் தருவதும், சர்வீஸ் ஆள் வந்து ரீசெட் அடித்துப்போவதும் இந்த நோய்க்கு மருந்தல்ல.

உங்கள் வீடு எந்த வகை என்று தெரிந்துகொள்ள ஒரு மொபைல் போதும். கீழ் வைஃபையில் சேர்ந்து, வைஃபை அமைப்பில் அந்த இணைப்பின் விவரத்தைத் திறந்து ஐபி முகவரியைப் பாருங்கள். மாடி வைஃபைக்கு மாறி மறுபடி பாருங்கள். முதல் மூன்று எண்கள் ஒன்றாக இருந்தால் பொதுவாக ஒரே நெட்வொர்க். வேறாக இருந்தால் இரண்டு. பிரிண்டர் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை அதனிடமே கேட்கலாம்: தாள் வைத்து, நெட்வொர்க் நிலை காட்டும் பட்டனை (தாள் படம் போட்டிருக்கும்) அமுக்கிப் பிடித்தால் ஒரு ஷீட் அடித்துத் தரும். அதில் வைஃபை பெயர், சிக்னல் வலு, ஐபி முகவரி, கேட்வே (ரவுட்டரின் முகவரி), மாக் முகவரி (பிரிண்டரின் சொந்த அடையாள எண்) எல்லாம் வரிசையாக இருக்கும். இந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். இனி வரும் வேலைகளுக்கு இதுதான் ஆதாரம். ஐபி 169.254 என்று தொடங்கினால் எந்த ரவுட்டரும் இதற்கு முகவரி கொடுக்கவில்லை, பிரிண்டர் தானாக ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

சரியான வைத்தியம்: மாடி ரவுட்டரின் ரவுட்டர் வேலையைப் பறிப்பது

மாடியில் உங்களுக்குத் தேவை சிக்னல். இன்னொரு ரவுட்டர் அல்ல. எனவே மாடிப் பெட்டியை ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை சிக்னலை மட்டும் பரப்பும் பெட்டி) ஆக்கிவிடுங்கள். டிபி-லிங்க் ஆர்ச்சர் சி6 போன்றவற்றில் இதற்கென்றே வசதி உண்டு: அதன் அமைப்புப் பக்கத்தில் ‘அட்வான்ஸ்டு’ தாவலுக்குள் ‘ஆபரேஷன் மோட்’ என்று இருக்கும், அதில் ‘ஆக்சஸ் பாயின்ட்’ தேர்ந்து சேமித்தால் பெட்டி ஒருமுறை அணைந்து எரியும். கேபிள் வான் போர்ட்டிலேயே இருக்கட்டும். அதற்குப் பிறகு முகவரி கொடுக்கும் வேலை முழுக்கக் கீழ் ரவுட்டரிடம் போய்விடும். மாடி, கீழ் எல்லாம் 192.168.1 ஆகிவிடும். செயலியில் பிரிண்டர் தானாக வந்து நிற்கும்.

ஒன்றை எதிர்பாருங்கள்: மாறிய பிறகு மாடிப் பெட்டியின் பழைய முகவரி 192.168.0.1 வேலை செய்யாது. அதற்கும் கீழ் ரவுட்டர்தான் புது முகவரி கொடுத்திருக்கும். கீழ் ரவுட்டரின் சாதனப் பட்டியலில் அதைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அடுத்த முறை பாஸ்வேர்டு மாற்ற வேண்டுமென்றால் ரீசெட் ஊசியைத் தேட வேண்டியிருக்கும்.

பழைய ரவுட்டர்களில் இந்த மோட் இருக்காது. அங்கே கையால் செய்யலாம். வரிசை முக்கியம்:

முதலில் மாடி ரவுட்டரைக் கீழ் இணைப்பிலிருந்து கழற்றி, லேப்டாப்பை அதன் லேன் போர்ட்டில் கேபிளால் இணையுங்கள். அமைப்பில் ‘லேன்’ பகுதிக்குப் போய் அதன் சொந்த முகவரியை 192.168.1.2 என்று மாற்றிச் சேமியுங்கள் (கீழ் ரவுட்டர் 192.168.1.1 என்ற கணக்கில். ஜியோ என்றால் 192.168.29.2). புது முகவரியில் மறுபடி நுழைந்து, டிஹெச்சிபி சர்வரை (சாதனங்களுக்கு முகவரி கொடுக்கும் வசதி) அணையுங்கள். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் வையுங்கள். கடைசியாகக் கீழிருந்து வரும் கேபிளை மாடி ரவுட்டரின் லேன் போர்ட் ஒன்றில் சொருகுங்கள். வான் போர்ட் காலியாக இருக்க வேண்டும்.

டிஹெச்சிபியை முதலில் அணைத்துவிட்டு முகவரியை மாற்றாமல் விட்டால், லேப்டாப்புக்கு முகவரி கிடைக்காமல் உள்ளே நுழையவே முடியாது; லேப்டாப்பில் கையால் ஐபி போட்டுத்தான் மீள வேண்டும். டிஹெச்சிபியை அணைக்க மறந்து லேன் போர்ட்டில் சொருகினால் அது இன்னும் மோசம். வீட்டில் இரண்டு பேர் முகவரி விநியோகம் செய்வார்கள். யார் முந்துகிறாரோ அவருடையது கிடைக்கும். இன்று பிரிண்ட் வரும், நாளை வராது, மறுநாள் ஒரு மொபைலில் மட்டும் இன்டர்நெட் போகும். காரணம் தெரியாமல் ஆளாளுக்கு ரவுட்டரை அணைத்து அணைத்துப் போடுவார்கள். கீழ் ரவுட்டர் கொடுக்கும் முகவரி வரம்பு .2-இலேயே தொடங்குகிறதா என்றும் பாருங்கள். அப்படியானால் வரம்பை .10-இலிருந்து தொடங்கும்படி மாற்றுங்கள், அல்லது மாடிப் பெட்டிக்கு .250 போல வரம்புக்கு வெளியே ஒன்றைக் கொடுங்கள்.

கேபிள் விஷயத்தில் பயப்பட ஒன்றுமில்லை. 100 மீட்டர் வரை ஓடும். கேட் 5ஈ போதும். எட்டுக் கம்பியில் நாலு மட்டும் கிரிம்ப் செய்திருந்தால் 100 எம்பிபிஎஸ்தான் கிடைக்கும். பிரிண்டுக்கு அதுவே அதிகம், இன்டர்நெட் வேகத்துக்குத்தான் அடி. இரண்டு பெட்டிக்கும் ஒரே வைஃபை பெயர், ஒரே பாஸ்வேர்டு வைத்து, 2.4-இல் ஒன்றுக்குச் சேனல் 1, மற்றதற்கு 6 அல்லது 11 என்று பிரித்துவிட்டால் மொபைல்கள் மாடிக்கும் கீழுக்கும் தாமாக மாறிக்கொள்ளும். பிரிண்டர் நகராது என்பதால் அதற்கு இது ஒரு பொருட்டில்லை.

ஆக்சஸ் பாயின்ட் ஆக்க முடியாத வீடு

மாடியில் வாடகைக்கு இருப்பவர், அல்லது வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர் தன் நெட்வொர்க் தனியாக இருக்க வேண்டும் என்பார். நியாயம்தான். அப்போது ஒரு விதியை மட்டும் நினைவில் வையுங்கள்: பிரிண்டரை முதல் ரவுட்டரின் பக்கம் வையுங்கள். முதல் ரவுட்டர் என்றால் ஃபைபர் நேரடியாக வரும் ரவுட்டர்.

இரண்டாவது ரவுட்டர் உள்ளிருந்து மட்டும் திறக்கும் கதவு மாதிரி. மாடியிலிருந்து புறப்படும் தகவல் வெளியே கீழ் நெட்வொர்க்குக்குப் போகும். அதற்கான பதிலும் திரும்பி வரும். கீழிருந்து புறப்படும் தகவல் மாடிக்குள் நுழைய முடியாது. எனவே பிரிண்டர் கீழே இருந்தால் இரு தளத்தாரும் அடிக்கலாம். மாடியில் இருந்தால் மாடிக்காரர் மட்டும்தான். வீட்டில் எங்கே இடம் இருக்கிறது என்று பார்ப்பதைவிட இதைப் பார்த்து பிரிண்டரை வைப்பது நல்லது. இடமே மாடியில்தான் என்றாலும், கீழ் ரவுட்டரின் 2.4 சிக்னல் அங்கே லேசாகவாவது எட்டினால் பிரிண்டரைக் கீழ் வைஃபையில் சேர்த்துவிடுங்கள். மாடி ரவுட்டருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும் பரவாயில்லை. எந்த வைஃபையில் சேர்ந்திருக்கிறது என்பதுதான் கணக்கு.

கூப்பாடு மட்டும் கதவைத் தாண்டாது என்பதால், மாடிக் கணினிகளில் பிரிண்டரைத் தேட விடாமல் முகவரியைச் சொல்லியே சேர்க்க வேண்டும். முதலில் எல்3250-க்கான டிரைவரை எப்சன் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள். விண்டோஸில் ‘பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ்’ பகுதியில் சாதனம் சேர்க்கச் சொல்லிச் சற்றுக் காத்திருந்தால் ‘கையால் சேர்’ என்ற வழி எட்டிப்பார்க்கும். அதில் ஐபி முகவரி மூலம் சேர்ப்பதைத் தேர்ந்து, சாதன வகையை ‘டிசிபி/ஐபி டிவைஸ்’ என்று வைத்து, ஷீட்டில் இருந்த முகவரியைக் கொடுங்கள். தகவல் 9100 போர்ட் வழியாகப் போகும். ஸ்கேனருக்கு ‘எப்சன் ஸ்கேன் 2 யுடிலிட்டி’யைத் திறந்து, ஸ்கேனர் சேர்க்கும் இடத்தில் முகவரியைக் கையால் உள்ளிடலாம். கணினியிலிருந்து தொடங்கும் ஸ்கேன் என்பதால் பெரும்பாலும் அதுவும் ஓடிவிடும்.

மொபைலில் நிலவரம் கலவை. ஆண்ட்ராய்டின் உள்ளமைந்த பிரிண்ட் சேவையில் ஐபி முகவரி மூலம் பிரிண்டர் சேர்க்கும் வசதி இருக்கிறது. ஐபோன் வழக்கமாகப் பிரிண்டரைக் கூப்பாடு போட்டுத்தான் கண்டுபிடிக்கும்; முகவரியைத் தட்டச்சு செய்ய அமைப்புப் பக்கத்தில் இடமே இல்லை. வீட்டில் ஐபோன் அதிகம் என்றால் இந்த அரை வைத்தியத்தோடு மல்லுக்கட்டாமல் ஆக்சஸ் பாயின்ட் வழிக்கே போவது உத்தமம்.

எப்சன் கனெக்டில் பிரிண்டரைப் பதிவு செய்தால் அதற்கென்று ஒரு மின்னஞ்சல் முகவரி கிடைக்கும். அதற்கு பிடிஎஃப் அனுப்பினால் தாள் வரும். பிரிண்டரே வெளியே போய்ச் சர்வரிடம் கேட்டு வாங்குவதால் எத்தனை ரவுட்டர் இருந்தாலும் கவலையில்லை. ஆனால் இன்டர்நெட் போனால் இதுவும் போச்சு. வீட்டு ஆவணங்கள் வெளியூர்ச் சர்வர் வழியாகச் சுற்றி வருவதில் உங்களுக்குச் சம்மதமா என்பதும் யோசிக்க வேண்டியது. வைஃபை டைரக்ட் அவசரத்துக்கு நல்லது: மொபைல் நேராகப் பிரிண்டரோடு பேசும். அந்த நேரத்தில் மொபைலின் வைஃபை இன்டர்நெட் துண்டாகும், அவ்வளவுதான்.

பிரிண்டர் மாடி நெட்வொர்க்கில்தான் இருந்தாக வேண்டும் என்றால் போர்ட் ஃபார்வர்டிங் ஒன்று மிச்சமிருக்கிறது. மாடி ரவுட்டரில் 9100-ஐப் பிரிண்டரின் முகவரிக்குத் திருப்பிவிட்டு, கீழ்க் கணினிகளில் மாடி ரவுட்டரின் வான் முகவரியைப் பிரிண்டராகச் சேர்ப்பது. செய்யலாம், ஆனால் இதை ஃபைபர் நேரடியாக வரும் ரவுட்டரில் ஒருபோதும் செய்யாதீர்கள். 2018 நவம்பரில், 9100 போர்ட்டை இன்டர்நெட்டுக்குத் திறந்து வைத்திருந்த பிரிண்டர்களில் ஒரு யூடியூப் சேனலுக்கு ஆதரவு கேட்டு யாரோ துண்டுப் பிரசுரம் அடித்தார்; சுமார் 50,000 பிரிண்டர் என்று அவரே கணக்கும் சொன்னார்.

ஒரு மாதம் கழித்து வரும் ‘ஆஃப்லைன்’

எல்லாம் ஓடிய பிறகு, திடீரென்று ஒருநாள் பிரிண்டர் எரிந்துகொண்டிருக்கும்போதே விண்டோஸ் ‘ஆஃப்லைன்’ என்னும். இங்க்ஜெட்டை வாரத்துக்கு ஒருநாள்தான் போடுவோம். மீதி நாளெல்லாம் அணைந்து கிடக்கும். அதற்குள் ரவுட்டர் கொடுத்த முகவரியின் தவணை முடிந்து, அதே முகவரி மருமகளின் மொபைலுக்கோ டிவிக்கோ போயிருக்கும். பிரிண்டர் எழும்போது வேறு முகவரி வாங்கிக்கொள்ளும். கணினி பழைய முகவரிக்கே அனுப்பிக்கொண்டிருக்கும்.

தீர்வு டிஹெச்சிபி ரிசர்வேஷன். கீழ் ரவுட்டரில் பிரிண்டரின் மாக் முகவரியைக் கொடுத்து, இவருக்கு எப்போதும் 192.168.1.200 என்று கட்டிவிடுவது. சில ஃபைபர் பெட்டிகளில் நிறுவனம் இந்தப் பக்கத்தைப் பூட்டி வைத்திருக்கும். அப்போது பிரவுசரில் பிரிண்டரின் ஐபியை அடித்தால் திறக்கும் ‘வெப் கான்ஃபிக்’ பக்கத்தில் முகவரியைக் கையால் நிலையாக வைக்கலாம். நிர்வாகப் பாஸ்வேர்டு கேட்டால் புதிய எப்சன் மாடல்களில் பெரும்பாலும் பின்னால் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பர்தான். கேட்வே இடத்தில் கீழ் ரவுட்டரின் முகவரி, சப்நெட் மாஸ்க் 255.255.255.0. ரவுட்டர் விநியோகிக்கும் வரம்புக்கு வெளியே உள்ள எண்ணாகத் தேர்ந்துகொள்ளுங்கள்.

முகவரி நிலையாக இருந்தும் ‘ஆஃப்லைன்’ வந்தால் பிரிண்டரின் பண்புகளில் ‘போர்ட்ஸ்’ தாவலைத் திறந்து பாருங்கள். டிக் விழுந்திருக்கும் போர்ட்டின் பெயர் டபிள்யூஎஸ்டி என்று தொடங்கினால், விண்டோஸ் கூப்பாட்டு முறையை நம்பிக் கொண்டிருக்கிறது. டிசிபி/ஐபி போர்ட்டுக்கு மாற்றுங்கள். அதன்பிறகும் அடங்கவில்லை என்றால் ‘கான்ஃபிகர் போர்ட்’ உள்ளே ‘எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் எனேபிள்டு’ என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். விண்டோஸ் எஸ்என்எம்பி வழியாக நலம் விசாரித்துப் பதில் வராவிட்டால், பிரிண்டர் நன்றாக இருந்தாலும் செத்துவிட்டது என்று முடிவுகட்டிவிடும்.

கரண்ட் போகும் ஊர்களுக்கு ஒரு குறிப்பு. ரவுட்டர் இன்வெர்ட்டரில் இருக்கும், பிரிண்டர் இருக்காது. கரண்ட் வந்ததும் எல்3250 தானாக எழுந்து நிற்காது. யாராவது போய்ப் பட்டனை அமுக்க வேண்டும். மாடியிலிருந்து பிரிண்ட் கொடுத்துவிட்டு இறங்கி வந்து பார்த்தால் தூங்கிக்கொண்டிருக்கும்.

முதல்முறை சேர்க்கும்போது

2.4-க்கும் 5-க்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் மொபைல் 5-இல் இருந்துகொண்டு பிரிண்டரைத் தேடும், சில ரவுட்டர்களில் அமைப்பு பாதியில் நின்றுவிடும். அமைத்து முடிக்கும் வரை ‘ஸ்மார்ட் கனெக்ட்’ (இரண்டையும் ஒரே பெயரில் காட்டும்) வசதியை அணைத்துவிட்டு, 2.4 பெயரில் மொபைலைச் சேர்த்துச் செய்தால் தீர்ந்தது. கெஸ்ட் வைஃபையில் பிரிண்டரைச் சேர்க்காதீர்கள். அங்கே சாதனங்கள் ஒன்றையொன்று பார்க்காதபடி தடுப்பு இருக்கும்.

இணையவில்லை என்றால் நெட்வொர்க் பட்டனை ஒருமுறை தட்டினால் வரும் அறிக்கையில் பிழை எண் இருக்கும். ஈ-2 என்றால் அந்தப் பெயரில் வைஃபையே தென்படவில்லை. 5 கிகாஹெர்ட்ஸ் பெயரைக் கொடுத்திருப்பீர்கள். ஈ-3 பாஸ்வேர்டு தப்பு. ஈ-5 பாதுகாப்பு முறை ஒத்துவரவில்லை. ரவுட்டரை டபிள்யூபிஏ2-க்கு மாற்றிப் பாருங்கள். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த பிரிண்டர் என்றால் இன்னொரு சிக்கல் உண்டு: அங்கே விற்பவை சேனல் 11-க்கு மேல் பார்க்காது. நம் ரவுட்டர் தானாக 12 அல்லது 13-க்குப் போய்விட்டால் வைஃபை மறைந்துபோகும். சேனலை 1, 6, 11-இல் ஒன்றாக நிறுத்திவையுங்கள்.

மெஷ், எக்ஸ்டென்டர்

டெகோ போன்ற மெஷ் பெட்டிகளை (பல பெட்டிகள் சேர்ந்து வீடு முழுக்க ஒரே வைஃபை பரப்பும் வகை) ஃபைபர் ரவுட்டருக்குப் பின்னால் மாட்டினால் அதுவும் ரவுட்டராகவே எழும். அதே டபுள் நாட். டெகோ செயலியின் ‘அட்வான்ஸ்டு’ பகுதியில் ஆபரேஷன் மோடை ஆக்சஸ் பாயின்ட் ஆக்கலாம். பிள்ளைகளுக்கான கட்டுப்பாடு போன்ற வசதிகள் அப்போது போய்விடும், அதைத் தெரிந்து செய்யுங்கள். சுவரில் சொருகும் எக்ஸ்டென்டர்களில் முகவரிப் பிரச்சினை இல்லை, நெட்வொர்க் ஒன்றே. ஆனால் அவற்றில் பல, பின்னால் இருக்கும் சாதனத்தின் மாக் முகவரியை மாற்றிக் காட்டும். பிரிண்டர் ஷீட்டில் உள்ள மாக்கைக் கொடுத்து ரிசர்வேஷன் போட்டும் பிடிக்கவில்லை என்றால் காரணம் இதுதான். ரவுட்டரின் பட்டியலில் என்ன மாக் தெரிகிறதோ அதற்குப் போடுங்கள்.

வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பழைய லேசர்

எல்3250 வாங்கலாமா என்று யோசிக்கும் பலர் வீட்டில் ஒரு கேனன் எல்பிபி2900, ஹெச்பி லேசர்ஜெட் 1020, பிரதர் ஹெச்எல்-எல்2321டி இவற்றில் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். எல்லாம் யுஎஸ்பி மட்டும். அதையே நெட்வொர்க்கில் ஏற்றிவிட்டால் புதுசு வேண்டாமே என்று தோன்றும். ரவுட்டரின் யுஎஸ்பி போர்ட்டிலோ தனிப் பிரிண்ட் சர்வரிலோ சொருகினால் முதல் இரண்டும் பெரும்பாலும் மக்கர் செய்யும். கேனன் 2900 ‘கேப்ட்’ என்ற சொந்த மொழியில் கணினியோடு இரு பக்கமும் பேசிக்கொண்டே அடிக்கும். சாதாரணப் பிரிண்ட் சர்வருக்கு அந்த உரையாடல் தெரியாது. ஹெச்பி 1020 இன்னும் விசித்திரம்: அதன் ஃபர்ம்வேர் (அதை இயக்கும் உள் மென்பொருள்) அதற்குள்ளேயே தங்காது. ஒவ்வொரு முறை எரியும்போதும் கணினிதான் அதை ஊட்ட வேண்டும். ஊட்ட ஆளில்லாத இடத்தில் விளக்கு மட்டும் எரியும்.

ஒரு விண்டோஸ் கணினியில் சொருகி அங்கிருந்து பகிர்வது பழைய வழி. 2021 செப்டம்பர் அப்டேட்டுக்குப் பிறகு 011பி என்று முடியும் பிழை எண் பலரைப் படுத்தியது. ரெஜிஸ்ட்ரியில் கைவைத்து அதை வாயடைக்கும் குறிப்புகள் உலவுகின்றன. அது பாதுகாப்புத் திருத்தத்தையே அணைப்பது. இரண்டு கணினியையும் முழுமையாக அப்டேட் செய்வது மேல். கையில் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி இருந்து லினக்ஸ் பழக்கமும் இருந்தால் கப்ஸ் (லினக்ஸில் பிரிண்ட் வேலையைப் பார்க்கும் மென்பொருள்) நிறுவி இந்த மூன்றையும் ஓட்டலாம்: பிரதருக்கு பிஆர்லேசர், ஹெச்பிக்கு ஃபூ2இசட்ஜேஎஸ், கேனனுக்கு கேப்ட்டிரைவர் என்ற திறந்த மூல டிரைவர். பழக்கம் இல்லை என்றால் பழைய லேசரை ஒரு கணினிக்கே விட்டுவிடுங்கள்.

வாங்கலாமா?

மாடி ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் ஆக்க முடிகிற வீடு, பிரிண்டர் வைக்கும் இடத்தில் 2.4 சிக்னல் நன்றாக இருக்கிறது என்றால் எல்3250-ஐத் தயங்காமல் வாங்கலாம். கணினி ஒன்றை யுஎஸ்பியில் மாட்டி, மற்றவர்கள் வைஃபையில் அடிப்பதையும் இது ஏற்கும். கேபிள் 5 மீட்டருக்குள் இருக்கட்டும்.

கான்கிரீட் சுவர் தாண்டிச் சிக்னல் தள்ளாடும் இடம், ஆனால் பக்கத்தில் நெட்வொர்க் கேபிள் இருக்கிறது என்றால் இது வேண்டாம். லேன் போர்ட் உள்ள எப்சன் எல்5290 அல்லது பிரதர் டிசிபி-டி820டிடபிள்யூ பாருங்கள். சில ஆயிரம் கூடும். முன்னதில் தாளைத் தானே இழுக்கும் ஸ்கேன் தட்டும் ஃபேக்ஸும் உண்டு, பின்னது தட்டோடு இருபுறமும் தானாக அடிக்கும். இந்த இரண்டில், வீட்டுக்கு டிசிபி-டி820டிடபிள்யூவே நம் தேர்வு. ஃபேக்ஸ் இன்று யாருக்கு?

கடையில் ஒன்றைக் கவனியுங்கள். ‘அதே மிஷின்தான் சார், விலை கம்மி’ என்று எல்3210-ஐ எடுத்து நீட்டுவார்கள். பார்க்க இரட்டைப் பிள்ளைகள்தான், மையும் 003தான். ஆனால் எல்3210-இல் வைஃபையே கிடையாது, யுஎஸ்பி மட்டும். அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் வைஃபை என்று அச்சடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பில் போடச் சொல்லுங்கள்.